கருவி சொல்லிவிட்டால் சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில், 'கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் ஒட்டுவேலைப் படம் தப்பவே தப்பாது' என்று எழுதியிருந்தீர்கள். 2010-ல் எல்காம்சாஃப்ட் என்ற ரஷ்ய சாஃப்ட்வேர் கம்பெனி ஆட்கள், படம் திருத்தப்படவில்லை என்று சொல்லும் கேனான் கேமராவின் அசல் சான்று முறையையே உடைத்து, நிலாவில் சோவியத் கொடி நட்ட படத்தைக்கூட 'அசல்' என்று சொல்லவைத்தது உங்களுக்குத் தெரியாததா? அடுத்த வருஷமே நிக்கானுக்கும் அதே கதி.

2022 ஏப்ரல் வெள்ளத்தில், இங்கே டர்பன் இசிப்பிங்கோவில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மகன் போனில் எடுத்து எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பிய படங்களை நான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினேன். வெள்ளைச் சுவரில் சேற்றுக்கோடு பதிந்த இடம் அவர்கள் சாஃப்ட்வேரில் பளிச்சென்று மின்னியதாம், ஆகவே 'திருத்திய படம்' என்று கடிதம் வந்தது. படத்தை மறுபடி சேமித்து வித்தியாசம் பார்க்கிற சோதனை அது. கூர்மையான ஓரம் எங்கே இருந்தாலும் அங்கே மின்னத்தான் செய்யும், அதோடு வாட்ஸாப் படத்தைச் சுருக்கி, எடுத்த தேதி இடத்தையும் அழித்துவிடுகிறது. போனில் மூலப்படம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றோம், கேட்க நாதியில்லை. மின்னணுப் பதிவு எப்படி உருவானது, எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது நம் தென்னாப்பிரிக்காவின் 2002 மின்னணுத் தொடர்புச் சட்டம், ஆனால் சட்டம் கோர்ட்டுக்குத்தானே, குமாஸ்தாவுக்கா?

திட்டம் போட்டு ஏமாற்றுகிறவன் என்ன செய்வான்? அதே கருவியில் முதலில் தானே போட்டுப் பார்ப்பான், மாட்டினால் சரிசெய்வான், அப்புறம் தடயம் மங்கப் படத்தைச் சின்னதாக்கித் திரும்பச் சேமிப்பான், தேதியை இலவச சாஃப்ட்வேரிலேயே மாற்றிவிடுவான். ஒவ்வொரு கேமராவிலும் ஒளியை வாங்கும் சென்சாருக்கென்று தனி இரைச்சல் தடம் உண்டு, அது எடுக்கிற படங்களில் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளாகப் பதியும், கைரேகை மாதிரி என்பார்கள். நெட்டில் நீங்கள் போட்ட படங்களிலிருந்து அதையும் உருவி வேறு படத்தில் ஏற்றலாம். ஆக, சிக்குவது என்னைப்போல் ஒன்றும் தெரியாதவன்தான்.

ஏமாற்ற இவ்வளவு மெனக்கெடவும் வேண்டாம். இங்கே 2021 ஜூலைக் கலவரத்தில் பழைய படங்களே புதுச் செய்தியாகச் சுற்றின. உங்கள் பத்திரிகையில்கூட எங்கள் கோயில் காவடிப் படத்துக்குக் கீழே வேறு கோயில் பெயர் வந்தது. அதைச் சுட்டி நான் எழுதிய கடிதத்தில் நீங்கள் போட்டது வாழ்த்து வரி மட்டும். பெரிய மனசு.

அந்த 'தப்பவே தப்பாது' வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் இதையாவது வெட்டாமல்.

பழைய சந்தாதாரர்,
இசிப்பிங்கோ, டர்பன்