போன் எண்ணை மறைக்க எதற்குக் கட்டணம்? டொமைன் பதிவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் டொமைன் (வலைத்தளத்தின் முகவரிப் பெயர்) விற்கும் பதிவாளர் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

திருப்பூரில் சிறு தொழில் செய்பவர்களுக்கு வலைத்தளம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. ஆரி வேலை செய்பவர்கள், டியூஷன் எடுப்பவர்கள், மசாலாப் பொடி அரைத்து விற்பவர்கள் என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வியாபாரம் நடத்துகிறார்கள். வீட்டு முகவரிதான் அவர்களுக்குக் கடை முகவரி. அவர்களுக்காக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். டொமைன் வாங்குபவரின் பெயர், முகவரி, கைப்பேசி எண்ணை மறைத்து வைப்பதற்குத் தனியாகக் காசு வாங்குவதை நிறுத்துங்கள்.

காசு கட்டாவிட்டால் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். என் வாடிக்கையாளர் ஒருவர், பிளவுஸ்களுக்கு ஆரி வேலை செய்து கொடுப்பவர், தன் பெயரில் ஒரு டாட் காம் வாங்கினார். டொமைனுக்கு 899 ரூபாய், 'பிரைவசி ப்ரொடெக்ஷன்' என்று அதற்குக் கீழே 599 ரூபாய், எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அவருக்கு அந்த 599 ஒரு பிளவுஸின் கூலி. வேண்டாம் என்று எடுத்துவிட்டார். மறுநாள் காலையிலேயே போன் வர ஆரம்பித்தது. "மேடம், புதுசா டொமைன் வாங்கியிருக்கீங்க, வெப்சைட் பண்ணித் தரட்டுமா?" என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி. அப்புறம் வாட்ஸ்அப்பில் லோகோ மாதிரிகள். அதற்கும் அப்புறம், இன்னும் பணம் பாக்கி இருக்கிறது, கட்டாவிட்டால் டொமைன் போய்விடும் என்று பில் போலவே தோற்றமளிக்கும் ஒரு போலி மின்னஞ்சல். இரவு பத்து மணிக்குக் கூப்பிட்ட ஒருவன் அவர் குடியிருக்கும் தெருவின் பெயரைச் சொல்லிப் பேசினான். எண்ணை மாற்றிவிடலாமே என்றால், அந்த எண்தான் அவர் கொடுக்கும் ஒவ்வொரு பையிலும் அச்சாகியிருக்கிறது.

இந்த விவரங்களை ஊருக்குக் காட்டியது யார்? டாட் காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனம் இல்லை. அவர்களிடம் டொமைன் பெயர், தேதிகள், பதிவாளர் யார், தளம் இருக்கும் இடத்தைக் காட்டும் நேம்சர்வர் எது என்பது போன்ற விவரங்கள்தான் இருக்கின்றன. வாங்கியவரின் பெயரும் தெருவும் எண்ணும் உங்களிடம் இருக்கின்றன, யார் கேட்டாலும் உங்கள் சர்வர்தான் எடுத்துக் கொடுக்கிறது. வெளியிடுவதும் நீங்கள், வெளியிடாமலிருக்கக் காசு கேட்பதும் நீங்கள்.

ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்போடு நீங்கள் போட்டிருந்த ஒப்பந்தப்படி, ஒரு டொமைன் யாருடையது என்று யாரும் தேடிப் பார்க்கக்கூடிய ஹூயிஸ் (WHOIS) சேவையில் வாங்கியவரின் விவரங்களை வெளியிட்டே ஆக வேண்டும். வெளியிடாமலிருக்க வேறொரு நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் அந்த இடத்தில் வைத்து, வரும் கடிதங்களை வாங்கி, மின்னஞ்சலை உரியவருக்கு அனுப்பி வைக்கும் ஏற்பாடு தேவைப்பட்டது. அதற்கு ஆள் வேண்டும், செலவு உண்டு. சரி. ஆனால் 2018 மே 25 அன்று தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் (GDPR) சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, மே 17 அன்று, ஐகான் ஒரு தற்காலிக விதியைக் கொண்டு வந்தது. அந்தச் சட்டம் பொருந்தும் இடங்களில் தனிநபர் விவரங்களை மறைத்தாக வேண்டும், விரும்பினால் உலகம் முழுக்க எல்லா வாடிக்கையாளருக்கும் அப்படியே மறைக்கலாம் என்றது அந்த விதி. அன்றோடு கட்டாயம் போய்விட்டது. 2025 ஜனவரியில் டாட் காம் போன்ற பொது டொமைன்களுக்கு ஹூயிஸ் சேவையை நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் முடிந்து, அதே விவரங்களைத் தேடித் தரும் ஆர்டேப் (RDAP) என்ற புது முறை அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

பெர்லினில் ஒருவர் டாட் காம் வாங்கினால் காசில்லாமல் மறைகிற எண், திருப்பூரில் ஒருவர் வாங்கினால் 599 ரூபாய்க்குத்தான் மறையும் என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? இந்தியரின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

செலவுக் கணக்குக்கும் வருகிறேன். ஒரு டாட் காமுக்கு வெரிசைன் உங்களிடம் வாங்கும் விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. ஐகானுக்கு நீங்கள் கொடுப்பது ஆண்டுக்கு டொமைன் ஒன்றுக்குச் சுமார் இருபது சென்டுகள். பிரைவசி கட்டணத்தில் இவர்கள் இருவருக்கும் பைசா போவதில்லை. ஒரு பெயருக்குப் பதிலாக 'மறைக்கப்பட்டது' என்று காட்ட சர்வருக்கு ஆண்டுதோறும் என்ன செலவாகிவிடப் போகிறது? உங்களைப் போலவே டொமைன் விற்கும் நேம்சீப் 2018-லேயே இதை இலவசமாக்கிவிட்டது. கிளவுட்ஃப்ளேரும் போர்க்பன்னும் காசு வாங்குவதில்லை. அவர்கள் யாரும் கடையை மூடிவிடவில்லை.

எண்ணை மறைத்தால் மோசடிக்காரர்கள் ஒளிந்துகொள்வார்களே என்று சொல்வீர்கள். இந்தக் கவலை உண்மையானது, போலி வங்கித் தளங்களால் பணம் இழந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் 599 ரூபாய் எந்த மோசடிக்காரனைத் தடுத்தது? அவன் கட்டிவிடுவான், அல்லது பொய்ப் பெயரும் பொய் முகவரியும் கொடுப்பான். கட்ட முடியாமல் வெளியே நிற்பவர் ஆரி வேலை செய்கிற அந்தப் பெண்தான். பொதுவெளியில் மறைத்தாலும் உண்மை விவரம் உங்களிடம் இருக்கத்தான் செய்கிறது. போலீஸோ நீதிமன்றமோ முறைப்படி கேட்டால் கொடுங்கள், அதில் யாருக்கும் மறுப்பில்லை.

இந்தக் கட்டணமே மக்களைப் பொய் சொல்ல வைக்கிறது என்பதையும் யோசியுங்கள். தெருப் பெயர் வெளியே தெரியும் என்று பயந்து தப்பான முகவரி கொடுப்பவர்கள் நிறைய. தப்பான விவரம் கொடுத்தது தெரிந்தால், ஐகானின் 2013 பதிவாளர் ஒப்பந்தப்படி அந்த டொமைனை நீங்களே முடக்கலாம். காசு கட்டாதவருக்கு இருக்கிற வழி இரண்டு: உண்மையைச் சொல்லி போன் தொல்லையில் மாட்டுவது, அல்லது பொய் சொல்லி டொமைனை இழக்கும் அபாயத்தில் இருப்பது. இலவசமாக மறைத்தால் எல்லோரும் உண்மை முகவரியைத் தயங்காமல் தருவார்கள், உங்கள் பதிவேடும் சுத்தமாக இருக்கும்.

பணம் கட்டும் பக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல தளங்களில் பிரைவசிக்கான பெட்டியில் முன்பே டிக் விழுந்திருக்கிறது. சில இடங்களில் முதல் ஆண்டு இலவசம், ரினீவல் வரும்போது சத்தமில்லாமல் முழுக் கட்டணம். வாங்குபவர் கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் வெளிப்படையாகத் தடுத்திருக்கிறது. உங்கள் சட்டப் பிரிவினர் அதைப் படித்திருப்பார்கள்.

தபால் முகவரி, கடிதம் வாங்கி அனுப்புவது, வக்கீல் நோட்டீஸ் வந்தால் தகவல் சொல்வது போன்றவற்றுக்குக் கட்டணம் வையுங்கள், தேவைப்படும் நிறுவனங்கள் கட்டும். தனிநபரின் பெயர், தெரு, எண், மின்னஞ்சலை மட்டும் யாரும் கேட்காமலேயே, காசில்லாமல், முதல் நாளிலிருந்து மறைத்து வையுங்கள். ஏற்கெனவே உங்களிடம் டொமைன் வைத்திருப்பவர்களுக்கும் இதைச் செய்து கொடுங்கள். அடுத்த ரினீவல் பில்லிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, எடுத்ததை மின்னஞ்சலில் தமிழிலும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு வலைத்தள வடிவமைப்பாளர்