பானை மண்ணுக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நான் காருகுறிச்சி வட்டாரத்தில் மண்பாண்டம் வனையும் குடும்பத்தைச் சேர்ந்தவன். குளத்து மண்ணை இலவசமாக எடுக்கும் அனுமதியை வட்டாட்சியரே வழங்கலாம் என்று 2024ஆம் ஆண்டில் அரசு விதியை எளிதாக்கியதற்கு நாங்கள் நன்றியுடையவர்கள். அந்த அனுமதி எந்த மாதத்தில் கைக்கு வருகிறது, குளத்தின் எந்த இடத்தைக் காட்டுகிறது என்பவை பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்து குளம் வற்றும் பங்குனிக்கும், கார் பருவ நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணை திறந்து கால்வாயில் தண்ணீர் வருவதற்கும் இடைப்பட்ட நாட்களில்தான் ஓராண்டுக்கு வேண்டிய மண்ணை நாங்கள் வெட்டிச் சேர்க்க முடியும். ஒரு முறை எங்கள் விண்ணப்பத்துக்குப் பதில் வந்த நாளில் குளத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது.

அடுத்தது இடம். மேலே படிந்த வண்டல் வயலுக்கு நல்லது, பானைக்கு ஆகாது. அதற்கு அடியில், திரியாக உருட்டி வளைத்தாலும் விரிசல் விடாத களிமண் சில இடங்களில் மட்டுமே கிடக்கிறது. புல எண்ணை மட்டும் குறித்துத் தரும் ஆணையால் அந்த இடம் காக்கப்படுவதில்லை. வண்டல் அள்ள வரும் இயந்திரம் இரண்டையும் கலந்து வாரிவிட்டால், அந்தக் களிமண் எங்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அகழாய்வில், இறந்தோரைப் புதைக்கும் பெரிய மண்கலமான தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபோது எல்லோரும் நெல்லைப் பற்றிப் பேசினார்கள்; என் மனம் தாழியிலேயே நின்றது. ஆதிச்சநல்லூரில் 2004-05 அகழாய்வில் மட்டும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. ஓர் ஆளை உட்கார வைக்கும் அளவு பெரிய கலத்தை, சுவர் சரியாமல் எழுப்பி, வெடிக்காமல் சுட்டெடுக்க மண்ணை எவ்வளவு அறிந்திருக்க வேண்டும் என்பது சூளை வைத்தவர்களுக்குத் தெரியும். சக்கரத்தில் அடி திறந்தபடி வனைந்த பானையை, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி நாங்கள் இன்றும் மூடுகிறோம். அந்தத் தட்டலுக்கு ஈடுகொடுக்கும் மண்ணைத்தான் கேட்கிறோம்.

ஆகவே, பானை மண் உள்ள குளங்களில் அந்த இடங்களை அளந்து எல்லைக்கல் நட்டு, இயந்திரம் இறங்காமல் காக்கவும், அனுமதி ஆணைகளைப் பங்குனி பிறக்குமுன் வழங்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். வரும் மாசியில் ஒரு நாள் வட்டாட்சியரையும் கிராம நிர்வாக அலுவலரையும் எங்கள் குளத்துக்கு அனுப்பி வையுங்கள். மண் கிடக்கும் இடத்தை எங்கள் மூத்தவர்கள் நடந்தே காட்டுவார்கள்.

இப்படிக்கு,
காருகுறிச்சி வட்டார மண்பாண்டத் தொழிலாளி