து ஃபூவும் ஜியாங்சிக் கவிஞர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சீனக் கவிதைக் கட்டுரையில் தாங் அரச மரபுக் காலத்துக் கவிஞர் து ஃபூவைப் (712–770) பற்றிய பகுதி அருமை. ஆனால் அவர் வழிவந்த ஜியாங்சிக் கவிஞர்களை ‘நகலெடுத்தவர்கள்’ என்று ஒரே வரியில் ஒதுக்கியது எனக்கு ஒப்பவில்லை.

அந்த மரபுக்குத் தலைவர் பின்வந்த சோங் அரச மரபுக் காலத்து ஹுவாங் திங்ஜியன் (1045–1105), தென்சீனத்து ஜியாங்சிக்காரர். து ஃபூவின் கவிதையில் முன்னோர் வாக்கில் வேரில்லாத சொல் ஒன்றுகூட இல்லை என்று தன் சகோதரி மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பழஞ்சொல்லைக் கையாண்டால், ரசவாதக் குளிகை பட்ட இரும்பு பொன்னாவதுபோல அது மாற வேண்டும் என்பதும் அதே கடிதத்தில்தான் வருகிறது. இதையா நகல் என்பது? (மாமன் பேச்சு வீண்போகவில்லை. அந்த மருமகனும் பின்னாளில் ஜியாங்சிக் கவிஞர் பட்டியலில் ஏறினார்.)

அந்த மரபுக் கவிஞர்களின் பட்டியலைத் தொகுத்தவர் லூ பென்ஜோங் என்ற சோங் காலக் கவிஞர். அதில் இருந்த பலர் ஜியாங்சியில் பிறந்தவர்களே அல்லர். அவர்களில் ஒருவரான சென் ஷிதாவ் வடக்கே இன்றைய சூசோ ஊர்க்காரர். மூதாதையாக வைத்துக் கொண்டாடப்பட்ட து ஃபூவே ஹெனான்காரர்தானே! கவிதைதான் ஜியாங்சி, ஆட்களெல்லாம் ஜியாங்சி அல்லர். உருவத்தைப் பார்த்து வைத்த பெயரல்ல, சுவையைப் பார்த்து வைத்தது என்று பின்னாளில் கவிஞர் யாங் வான்லி ஒரு முன்னுரையில் விளக்கியிருக்கிறார்.

இந்த மரபில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது சென் யூயி என்ற கவிஞரை. 1127இல் சோங் தலைநகர் கைஃபெங், வடக்கிலிருந்து வந்த ஜூர்ச்சென் இனத்தாரின் படையிடம் வீழ்ந்தபின் ஊர் ஊராக ஓடியவர். மறு ஆண்டு அந்தப் படைக்குத் தப்பி மலைக்குள் புகுந்தபோது எழுதிய கவிதையில், வாழ்நாளெல்லாம் து ஃபூவின் கவிதையை லேசாக நினைத்துவிட்டேனே என்று நொந்துகொள்கிறார். 755இல் தளபதி ஆன் லூஷான் தாங் அரசுக்கு எதிராகத் தொடங்கிய கலகத்தில் து ஃபூ பட்ட அலைச்சல், தன் கால் நோக நடந்த பிறகே அவருக்கு விளங்கியிருக்கிறது. சொற்கட்டு ஏற்கெனவே கைவசம் இருந்தது. வலி அப்போதுதான் வந்து சேர்ந்தது. ஜியாங்சி மரபின் உச்சம் இந்த இடம்தான் என்பேன்.

கட்டுரையாளர் சொன்னதில் உண்மையே இல்லை என்று வாதாட வரவில்லை. பின்வந்தவர்கள் பலரிடம் விதி இருந்தது, உயிர் இல்லை. ஜியாங்சி மண்ணிலேயே பிறந்த யாங் வான்லி, அந்தப் பாணியில் தான் எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவிதைகளை 1162இல் தீயிலிட்டார். ஆனால் மேலே சொன்ன முன்னுரையை அவர் எழுதியது அதற்கும் பிறகுதான். கொளுத்திய கையாலேயே அந்தச் சுவைக்கும் சான்று எழுதியிருக்கிறார்!

கட்டுரையில் அடியோடு விடுபட்டவர் இந்த மரபின் பிற்காலக் கவிஞர் சென் சான்லி. ஹுவாங் பிறந்த அதே சியூஷுயி மாவட்டத்தில் 1853இல் பிறந்து, 1937இல் மறையும் வரை பழைய யாப்பைக் கைவிடாதவர். கட்டுரைக்குத் தொடர்ச்சி வருமானால் அவருக்கும் இரண்டு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கும்பகோணம்