மேல்நிலைக் கணிதப் பாடத்திட்ட வரைவை இறுதி செய்யும் முன் வகுப்பறையில் வைத்து மதிப்பிட வேண்டி மனு

அனுப்புநர்:
முதுகலை ஆசிரியர் (கணிதம்),
அரசு மேல்நிலைப் பள்ளி,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம்,
சென்னை – 600 006.

பொருள்: மேல்நிலை முதலாம், இரண்டாம் ஆண்டுக் கணிதப் பாடத்திட்ட மறுசீரமைப்பு – பாடங்களின் வரிசை, புள்ளியியல், வினாத்தாள் அமைப்பு ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் கடந்த பல ஆண்டுகளாகத் தமிழ்வழி, ஆங்கிலவழி என இரு பிரிவு மாணவர்களுக்கும் மேல்நிலைக் கணிதம் கற்பித்து வருகிறேன். மாநிலக் கல்விக் கொள்கை 2025 வெளியானதைத் தொடர்ந்து பள்ளிப் பாடத்திட்டத்தைத் திருத்தும் பேச்சு எழுந்துள்ள நிலையில், ஆசிரியர்கள் கூடும் இடங்களிலெல்லாம் "எத்தனை அலகைக் குறைப்பார்கள்?" என்ற ஒரே கேள்விதான் கேட்கிறது. பதினோராம் வகுப்பில் 12, பன்னிரண்டாம் வகுப்பில் 12 என நான்கு தொகுதிகளில் 24 இயல்கள் இருப்பது சுமைதான், மறுக்கவில்லை. ஆயினும் எங்கள் மாணவர்கள் இடறுவது பெரும்பாலும் பாடத்தின் அளவினால் அன்று, பாடங்கள் வந்து சேரும் வரிசையினால்தான் என்பது என் அனுபவம். அதை விளக்கவே இம்மனுவை எழுதுகிறேன்.

பதினோராம் வகுப்பு இயற்பியலில் இரண்டாவது அலகே இயக்கவியல். வெக்டர், வகைக்கெழு இரண்டும் இல்லாமல் அதில் ஒரு பக்கம்கூட நகராது. கணித நூலிலோ வெக்டர் இயற்கணிதமும், எல்லைகளும், வகையிடலும் இரண்டாம் தொகுதியில் உள்ளன. காலாண்டுத் தேர்வு முடிந்து, அரையாண்டை நெருங்கும்போதுதான் அவற்றைத் தொடுகிறோம். இடைப்பட்ட மாதங்களுக்காக இயற்பியல் நூலே சில பக்கங்களில் வகையிடலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகிறது. ஒரு ஜூலை மாதம், இயற்பியல் வகுப்பு முடிந்து கரும்பலகை அழிக்கப்படாமல் இருந்த அறைக்குள் நான் நுழைந்தேன். முன்வரிசை மாணவி ஒருத்தி, உடனடித் திசைவேகத்துக்கான dx/dt என்ற குறியீட்டைக் காட்டி, "சார், மேலயும் கீழயும் ஒரே டி தானே இருக்கு, அடிச்சிடலாமா?" என்று கேட்டாள். அவள் மீது தவறில்லை. பின்னம் என்றால் அடிக்கலாம் என்று பத்தாண்டுகளாக நாம்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். எல்லை என்ற கருத்தை அறியாத ஒருவருக்கு அந்தக் குறியீடு பின்னமாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? அன்று முக்கோணவியலை ஓரமாக வைத்துவிட்டு, பேருந்தின் வேகமானி முள்ளை வைத்து எல்லையை விளக்கினேன். பாடவேளை போனது, ஆனால் அந்த வகுப்பு டிசம்பரில் வகையிடலுக்கு வந்தபோது வழக்கத்தைவிட வேகமாக நகர்ந்தது.

ஆகவே வெக்டரின் அடிப்படைகளையும், எல்லை, வகையிடல் ஆகியவற்றின் தொடக்கநிலையையும் பதினோராம் வகுப்பின் முதல் தொகுதிக்குக் கொண்டு வரவும், கணித, இயற்பியல் பாடநூல் குழுக்கள் ஒன்றாக அமர்ந்து ஓராண்டுக்கான மாத வாரிப் பாடப்பகிர்வைத் தயாரிக்கவும் தாங்கள் ஆவன செய்ய வேண்டுகிறேன். இதற்கு ஒரு இயலைக்கூட நீக்க வேண்டியதில்லை.

அடுத்ததாக, புள்ளியியல். பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் படித்துவிட்டு வரும் மாணவர், கணிதம்–இயற்பியல் பிரிவில் சேர்ந்தால் அதன்பின் உண்மையான தரவு ஒன்றைக் கையில் எடுப்பதே இல்லை. பதினோராம் வகுப்பில் நிகழ்தகவுக் கோட்பாடும், பன்னிரண்டில் நிகழ்தகவுப் பரவல்களும் உண்டு. இரண்டிலும் பகடையும் நாணயமும்தான் உருளுகின்றன. வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுத்த மாணவர், இரண்டு அளவுகளுக்கிடையே உள்ள தொடர்பை ஆராயும் ஒட்டுறவும் தொடர்புப் போக்கும் படிக்கிறார். பொறியியலுக்கும் தரவு அறிவியலுக்கும் போகப் போகிறவர் படிப்பதில்லை. இது விந்தையாகவே இருக்கிறது. தம் ஊரின் மழையளவையோ கொள்முதல் நிலையத்துக்கு வந்த நெல்லின் ஈரப்பதத்தையோ பதிவுசெய்து, இரண்டு மாறிகளுக்கிடையே உள்ள தொடர்பை ஆராயும் ஒரு சிறு பகுதியைச் சேர்த்தால், அதற்கு ஈடாக மீண்டும் மீண்டும் வரும் நீண்ட கணக்கீட்டுப் பயிற்சிகளைக் குறைத்துக்கொள்ளலாம். பள்ளிகளில் உள்ள உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களுக்கும் அப்போது கணித ஆசிரியர் போக ஒரு காரணம் கிடைக்கும்.

பாடத்திட்டத்தை எவ்வளவு நன்றாக எழுதினாலும், அதை உண்மையில் நடத்துவது வினாத்தாள்தான். இப்போதைய 90 மதிப்பெண் தாளில் 20 ஒரு மதிப்பெண் வினாக்கள் உள்ளன. பாடநூலின் இயல் இறுதியில் உள்ள வினாக்களிலிருந்து அவற்றில் கணிசமானவை அப்படியே வரும் என்ற நம்பிக்கையில், மாணவர்கள் விடையைக்கூட அல்ல, விடையின் வரிசை எண்ணை மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு மாதத் தேர்வில் வினாக்களை மாற்றாமல் விடைகளின் வரிசையை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் பழைய எண்ணையே எழுதியிருந்தார்கள். நன்றாகப் படிப்பவர்களும் அதில் உண்டு. எனவே வரைவோடு சேர்த்து மாதிரி வினாத்தாளையும் வெளியிட்டு, அதையும் மதிப்பீட்டுக்கு உட்படுத்த வேண்டுகிறேன்.

பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டதை நான் எதிர்க்கவில்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளை வாட்டிய ஒன்று. ஆனால் 2017–18 கல்வியாண்டில் அது ஏன் கொண்டுவரப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து, இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் வழக்கம் சில பள்ளிகளில் வேரூன்றியிருந்தது. பொறியியல் தரவரிசைக்கான 200இல் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்துக்கு 100 என்று இருக்கும்போது, அந்த ஆசை எளிதில் போகாது. இழப்பு பிறகுதான் தெரியும்: இரண்டு ஆண்டுப் பாடத்தையும் கேட்கும் நுழைவுத் தேர்வுகளிலும், கல்லூரியின் முதல் பருவத்திலும். புதிய திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாளின் ஒரு குறிப்பிட்ட பங்கு, முதலாம் ஆண்டுப் பாடத்தை அறியாமல் விடையளிக்க முடியாதபடி அமைய வேண்டும் என்று விதியாகவே எழுதிவிடுவது நல்லது.

இறுதியாக, நூல்களை அச்சுக்கு அனுப்பும் முன், நகரம், கிராமம், மலைப்பகுதி என வேறுபட்ட சூழலில் உள்ள சில அரசுப் பள்ளிகளில் ஒவ்வொரு புதிய இயலையும் முன்னோட்டமாக நடத்தி, உண்மையில் எத்தனை பாடவேளை ஆகிறது என்று குறித்து, நடத்திய ஆசிரியரிடமும் படித்த மாணவரிடமும் எழுத்து மூலம் கருத்துப் பெற்று, அவற்றைப் பொதுவில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்வழி நூலைப் பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், முன்னோட்டத்தின்போதே இரு மொழிகளிலும் தர வேண்டும். கலைச்சொல் ஒன்று புரியாததால் நின்றுபோகும் கணக்குகளை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம்.

இயல் வாரியாக நான் செலவிட்ட பாடவேளைகளைக் குறித்து வைத்த பாடக்குறிப்பேட்டின் நகலையும், மேற்சொன்ன மாதத் தேர்வின் வினாத்தாளையும் இத்துடன் இணைத்துள்ளேன். முன்னோட்டம் நடத்த எங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் அப்பணியை ஏற்கச் சித்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முதுகலை ஆசிரியர் (கணிதம்)

இணைப்பு: 1. பாடக்குறிப்பேட்டின் நகல் 2. மாதத் தேர்வு வினாத்தாள்