என்னை மறித்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ளவர்களுக்கு,

கோயில்பட்டி திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. உள்ளங்கை மரமரப்பு இன்னும் போகவில்லை. சட்டைப் பொத்தானை வீட்டுக்காரிதான் போட்டுவிடுகிறாள். மடல் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

தை மாதம் கன்னியாகுமரியில் சைக்கிளை எடுத்தேன். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஸ்ரீநகர் வரை ஒரே சாலை, 3,700 கிலோமீட்டருக்கு மேல். நாளைக்கு 80 கிலோமீட்டர் வீதம் நோட்டில் கட்டம் கட்டி எழுதியிருந்தேன். கணக்கப்பிள்ளை வேறென்ன செய்வான்? அந்தக் கணக்குப்படி 47 நாளில் முடிந்திருக்க வேண்டும். 64 ஆயிற்று. கூடுதலான 17 நாளும் யாராவது என்னை மறித்து உட்கார வைத்த நாட்கள். அப்போது அவர்கள்மேல் எரிச்சல்தான் வந்தது. இந்த மடல் அவர்களுக்கு.

ஆடியில் பிய்த்துக்கொண்டு சுற்றும் ஆரல்வாய்மொழிக் காற்றாடிகள் தையில் சோம்பி நின்றன. மறுநாள் எங்கள் ஊர் வழியாகவே போனபோது, வீட்டில் முப்பது பாக்கெட் கடலைமிட்டாயைக் காரியரில் கட்டிவிட்டார்கள். வழியில் யாருக்காவது கொடுக்கணும் என்றாள். பாரம் என்று முணுமுணுத்தேன்.

முதலில் மறித்தவர் சங்ககிரி லாரிக்கார அண்ணன். நிர்மல் தாண்டி அடிலாபாத் போகும் வழியில், என் பின்பக்கப் பலகையில் தமிழைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டிவிட்டார். "ஏனுங்க, கோயில்பட்டியிலிருந்தா இதுல வர்றீங்க?" டூல்ஸ் பெட்டி பக்கத்தில் ஸ்டவ் பற்றவைத்து, சோறும் மிளகு ரசமும் வைத்தார். பதினைந்து நாளுக்குப் பிறகு ரசம். சாப்பிட்டதும் கிளம்பப் பார்த்தேன், மணி ஐந்து. விடவில்லை. "பொழுது சாய்ஞ்சா மிதிக்காதீங்க. இருட்டுல நாங்க பாதித் தூக்கத்துலதாங்க ஓட்டுறோம்" என்றார். சிரிக்காமல் சொன்னார். அதன் பிறகு ஒரு நாளும் இருட்டில் மிதிக்கவில்லை.

அடுத்தது சியோனி. நாக்பூர் தாண்டி பெஞ்ச் காட்டைக் கடந்து குரை மலைப்பாதையில் ஏறும்போது பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் பக்கம் ஒரு கம்பி அறுந்தது. உந்தியும் மிதித்தும் சியோனியில் ஒரு சைக்கிள் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு கம்பி போட்டால் போதும் என்று ஜாடை காட்டினேன். அந்தப் பெரியவர் சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டிக் காதைக் கிட்டே வைத்தார். முகம் சுளித்தார். 36 கம்பியையும் தளர்த்த ஆரம்பித்துவிட்டார். நான் பதறினேன். "கல்" என்றார். எனக்கு இந்தி அவ்வளவுதான். சாலையில் எந்தக் கல்லில் ஏற்றினேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நாளைக்குத்தான் கிடைக்கும் என்று சொல்கிறார் என்பதைப் பக்கத்து டீக்கடைப் பையன் விளக்கினான்.

மறுநாள் மதியம் வரை கோட்டம் எடுத்தார். கடைசியில் கம்பிகளைச் சுண்டினால் எல்லாம் ஒரே சுருதி. வாங்கியது 40 ரூபாய். கூட ஒரு ரூபாய் வாங்க மாட்டேன் என்றவர், கடலைமிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டார். அங்கிருந்து ஜம்மு வரை அந்தச் சக்கரம் ஒரு நூல்கூட ஆடவில்லை.

லூதியானாவுக்கு முன்னால் ஒரு குருத்வாராவில் ஒரு ராத்திரி தங்கப் போனேன். காய்ச்சல் என்று கண்டுகொண்டு நான்கு நாள் வைத்துக்கொண்டார்கள். பருப்பும் ரொட்டியும் படுக்கைக்கே வந்தன. பெயர், ஊர், சாதி எதுவும் யாரும் கேட்கவில்லை. (அதற்கு முன் ஓர் ஊரில், சேற்றுச் சைக்கிள் என்று மழையில் திருப்பி அனுப்பிய லாட்ஜ்காரருக்கு இந்த மடலில் இடமில்லை.)

இப்போது ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஊரில் வைத்த வரவேற்புப் பலகையில் 'முழுதும் மிதித்தே' என்று எழுதியிருந்தார்கள். அது சரியல்ல. ராம்பனில் மழை, பனிஹால் பக்கம் மலையிலிருந்து கல் உருண்டுகொண்டிருந்தது. இந்த முறை நிஜக் கல். இரண்டு நாள் சாலையை அடைத்திருந்தார்கள். திறந்ததும் நான் சைக்கிளில் ஏறப்போக, ஆப்பிள் பெட்டி ஏற்றும் பிக்கப்காரர் கீழே இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். வாக்குவாதம் செய்தேன். ஒரு சொல்லும் புரியாதவர்போல் சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டார். சுரங்கப்பாதை தாண்டி காசிகுண்டில் இறக்கிவிட்டு, உப்புத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவருக்குக் கொடுக்க என்னிடம் மிட்டாய் தீர்ந்திருந்தது. நோட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

சம்பளமில்லாமல் இவ்வளவு நாள் விடுப்புக் கொடுத்த முதலாளிக்கும், என் பேரேட்டையும் சேர்த்து எழுதிய சக ஊழியருக்கும் நன்றி.

இவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது என்பது தெரியும். அதனால் முகவரி கிடைத்தவர்களுக்கெல்லாம் கடலைமிட்டாய் பார்சல் அனுப்பினேன். குருத்வாராவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சியோனிப் பெரியவருக்கு அனுப்பியது மட்டும் 'முகவரி போதாது' என்று திரும்பி வந்துவிட்டது. சங்ககிரி அண்ணனிடம் போனில் சொன்னேன். பங்குனி கடைசியில் அந்தப் பக்கம் லோடு இருக்கிறதாம். கடைக்கு எதிரே என்ன இருக்கும், எந்தப் பக்கம் டீக்கடை என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.