சாலையைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள், ஐயா

எங்கள் ஊர்ச் சாலைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். நடந்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் புதுத் தார் போட்டது நீங்கள்தான். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே போட்டதும் நீங்கள்தான். தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவுக்கு ரசீதும் கொடுத்தீர்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். பதில் வந்தால் அதையும் சேர்த்து வைத்துக்கொள்வோம்.

என் வீட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. 1960களில் மெட்ராஸில் செய்த வண்டி, இரண்டு கதவு, அப்பா வாங்கியது. அந்தக் காலத்தில் தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்குப் படி ஏறிப் போக வேண்டும். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு நாலு விரற்கடை ஏறியது. ஏறி ஏறி ஒவ்வொரு படியாக விழுங்கியது. இந்தத் தடவை கார் செட்டின் தரையைவிட முழங்கால் உயரத்துக்கு வந்து நிற்கிறது. வீடு இறங்கிவிட்டதோ என்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். கருங்கல் அஸ்திவாரம் ஐயா, இறங்காது.

செட்டுக்குள் சரிவு போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். இருக்கிற இடத்தில் சரிவு போட்டால் அது செங்குத்தாகத்தான் வரும். ஹெரால்டின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இடைவெளி கிடையாது. பின்சக்கரம் தெருவில் ஏறியதும் சைலன்சர் விளிம்பில் உட்கார்ந்துவிடும். சரிவை நீட்டினால் வண்டி நிற்க இடமில்லை. ஆக, வண்டியைக் கையால் தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

எதற்கு வெளியே எடுக்க வேண்டும் என்றும் கேட்கலாம். சட்டம் சொல்கிறது, அதனால்தான். பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எனக்குத் தேதி நெருங்கிவிட்டிருந்தது.

ஹெரால்டு சின்ன வண்டிதான், எண்ணூறு கிலோ அளவு. ஒரு நேரத்தில் ஒரு முனையைத்தான் தூக்கப் போகிறோம் என்றால் நானூறு. எட்டுப் பேர் நின்றால் ஆளுக்கு ஐம்பது, அதாவது இரண்டு சிப்பம் அரிசி. கணக்கு சுலபம். ஆனால் அரிசிச் சிப்பத்தைப் பிடிக்க இடம் உண்டு, இந்த வண்டியில் இல்லை. பம்பரைப் பிடித்தால் கையோடு வரும். கதவுக்குக் கீழே இருக்கும் பட்டி வெறும் தகடு, பாரம் தாங்காமல் மடங்கும். முன்பக்கம் மட்கார்டு, பானெட் எல்லாம் ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும், அதைப் பிடித்துத் தூக்கவே முடியாது. பலம் எல்லாம் அடியில் ஓடும் சேஸிஸில்தான் இருக்கிறது. அதைப் பிடிக்கக் கையை வண்டிக்கு அடியில் கொடுக்க வேண்டும்.

ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட்டு எல்லாவற்றையும் கழற்றி வைத்தோம். பெட்ரோலைக் கேனில் இறக்கினோம். கோயில் சப்பரம் தூக்குகிற இருவர் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் சவுக்குக் கம்பும் அகலமான பட்டையும் கொண்டுவந்து, சேஸிஸைச் சுற்றிப் பட்டை போட்டு, கம்பைக் கோத்துத் தோளுக்கு வாட்டமாக வைத்தார்கள். "அண்ணாச்சி, ஒரே மூச்சா எந்திக்கணும், பைய" என்று ஒருவர் சொல்ல, பின்பக்கம் எழுந்தது. எழுந்த உடனே எதிர்வீட்டுப் பையன் கத்தினான்: "ஏலே, நிப்பாட்டுங்க, வீலு ரெண்டும் ஒடிஞ்சிட்டு!"

ஒடியவில்லை. ஹெரால்டின் பின் அச்சு நடுவிலிருந்து இரண்டு கையாகப் பிரிந்து ஊசலாடும் வகை. உடம்பைத் தூக்கினால் பாரம் நீங்கிய சக்கரங்கள் இரண்டும் அடிப்பக்கமாக உள்ளே மடங்கிவிடும். கீழே வைத்துப் பத்தடி உருட்டினால் தானாக நிமிரும். உருட்டப் பத்தடி இருந்தால் நாங்கள் ஏன் தூக்குகிறோம்? மடங்கிய சக்கரம் பலகையில் சரியாக உட்காராமல் வழுக்குகிறது. ஒரு முனையைத் தூக்கி, பலகையும் சிமென்ட் கல்லும் சொருகி, மறு முனைக்கு ஓடி, என்ஜின் பாரத்தோடு அதைத் தூக்கி, மறுபடி பின்னால் வந்து என்று அங்குலம் அங்குலமாக உங்கள் சாலையின் உயரத்துக்கு ஏற்றினோம். நடுவில் ஒரு கல் நகர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் விரல் பலகைக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டி நகம் கறுத்துவிட்டது. மருந்துச் செலவுக்கு என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்கிறார். யாரிடம் வாங்குவது முறை என்று உங்களுக்கே தெரியும்.

புதுப்பித்துவிட்டு வந்து மாலையில் அதே வேலையைத் தலைகீழாகச் செய்தோம். இறக்குவதுதான் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏற்றும்போது களைத்தால் கீழே வைக்கலாம். இறக்கும்போது களைத்தால் அது தானாகவே இறங்கும்.

எனவே கேட்கிறேன்: பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் புதுத் தார் போடுங்கள்.

இது புதுக் கோரிக்கை இல்லை. ஏற்கெனவே உள்ள சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மட்டம் உயராமல்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். அதே 2021-இல்தான், ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ஒருவர் பழைய வண்டியைக் காப்பாற்று என்கிறார், இன்னொருவர் சாலையை உயர்த்தாதே என்கிறார். நடுவில் நாங்கள் சவுக்குக் கம்போடு நிற்கிறோம்.

பழைய கார் வைத்திருப்பவனின் பகட்டுப் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். மூன்று வீடு தள்ளி ஓர் ஆச்சி சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளெல்லாம் அவரையும் நாற்காலியோடு தூக்கித்தான் தெருவில் வைக்கிறார்கள். மழை வந்தால் அடுத்த கதை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியதே, அந்த மழையில் தாமிரபரணி எப்படி வந்தது என்று பார்த்தவர்கள் நீங்கள். ஆற்று வெள்ளத்தை யாரும் உங்கள் கணக்கில் எழுதவில்லை. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே எங்கள் முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது. வீட்டுத் தண்ணீர் தெருவுக்கு வடிந்த காலம் போய், தெருவுக்கே வடிகால் எங்கள் வீடு என்றாகிவிட்டது. வசதி உள்ளவர்கள் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொள்கிறார்கள். அந்த ஜாக்கி வேலைக்காரர்களுக்கு உங்களைப் போல் தொழில் பெருக்கிக் கொடுத்தவர்கள் வேறு யாரும் இல்லை. தூக்கி முடித்ததும் நீங்கள் இன்னொரு அடுக்குப் போடுவீர்கள், அப்புறம் மறுபடியும் ஜாக்கி.

தூக்குவதற்கோ இழுப்பதற்கோ இந்தத் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் அஞ்சியவர்கள் இல்லை. ஆனி மாதம் நெல்லையப்பர் தேரைக் கையால்தான் இழுக்கிறோம். பணகுடிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். அதெல்லாம் ஆசைப்பட்டுச் செய்வது. சாலை போட்டவர் ஒரு வேலையை மிச்சம் பிடித்ததற்காக எட்டுப் பேர் முதுகை ஒடித்துக்கொள்வது அந்தக் கணக்கில் சேராது.

சுரண்டும் இயந்திரம் எங்கள் தெருவுக்குள் நுழையாது என்று ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி சொன்னார். தார் லாரி நுழைந்தது. ரோடு ரோலர் நுழைந்தது. தோண்டுவதற்கு ஜே.சி.பி. வராத மாதம் இல்லை. அவற்றுக்கெல்லாம் வழி விட்ட தெரு இதற்கு மட்டும் எப்படிக் குறுகிப்போகும்? சின்ன அளவிலும் அந்த இயந்திரங்கள் இருக்கின்றன. சுரண்டி எடுத்ததை வீணாக்க வேண்டியதும் இல்லை, புதுக் கலவையில் சேர்த்துக்கொள்ளலாம்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மரியாதையோடுதான் கேட்கிறேன். ஒரு நாள் உங்கள் பொறியாளர் ஒருவரை அளவு நாடாவோடு எங்கள் தெருவுக்கு அனுப்பிவையுங்கள். போட்டதைச் சுரண்டி, பழைய மட்டத்துக்குக் கொண்டுவருவதற்கு ஒரு தேதி சொல்லுங்கள். எங்களுக்கு அடுத்த தெருவில் இப்போது ஜல்லி கொட்டியிருக்கிறது, தார் இன்னும் வரவில்லை. அங்கேயாவது தயவுசெய்து முதலில் சுரண்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பள்ளத்து வீட்டுக்காரன்