ராஜமுந்திரி மொட்டைமாடி

எல்டர்,

உன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போதும் வாய் வரவில்லை. ஊரார் மார்மன் என்கிற நம் சபையின் மிஷனரிகளாக மூன்றரை மாதம் ஒரே அறையில் படுத்து எழுந்தோம், ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை. மிஷனில் பையன்கள் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் 'எல்டர்'தான். தவிர, இது நாலு பேர் படிக்கிற இடம். பெயர் வேண்டாம். நீ படித்தால் உனக்கே தெரியும்.

உன் அம்மா போன செய்தியை குரூப்பில்தான் பார்த்தேன். நம்மோடு மிஷன் செய்தவர்கள் வரிசையாகக் கைகூப்பிய படம் போட்டிருந்தார்கள். நான் என்னவோ தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன், கடைசியில் நானும் அதே கைகூப்பிய படத்தைப் போட்டேன். உன் நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நமக்குள் நடந்த எல்லாமே ஒரு போன் காலால் வந்தது, அதே போனை எடுத்து உன்னிடம் என்ன பேசுவது?

நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோயம்புத்தூர் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? ராத்திரி ரயில் ஏறினால் காலையில் சென்ட்ரல். இரண்டு வாரம் கழித்துக் குரூப்பில் பார்க்கிற அளவுக்கா நான் ஆகிவிட்டேன்? சரி, விடு. ஆகிவிட்டேன்தான்.

போன திங்கட்கிழமை அக்கா வீட்டில் இருந்தேன். அவள் பையன் இப்போது டெல்லிப் பக்கம் மிஷனில் இருக்கிறான். அக்கா போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் திரையில் உட்கார்ந்து, சப்பாத்தி சாப்பிட்டு நாக்கு செத்துவிட்டது, ஜோடியாகக் கூடத் தங்கியிருக்கிற கம்பானியன் குறட்டை விடுகிறான் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனான். பத்து நிமிஷம்தான். "சரிடா, குக்கர் விசில் வருது, அடுத்த வாரம் பேசலாம்" என்று இவளே வைத்துவிட்டாள். தாயே மகனிடம் போதும் என்கிறாள், எல்டர். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து கொல்லைப்புறம் போய் நின்றேன்.

2019 பிப்ரவரி 15. அன்றைக்குத்தான் மிஷனரிகள் வாராவாரம் வீட்டோடு பேசலாம் என்று சபைத் தலைமையிலிருந்து அறிவிப்பு வந்தது. போன், வீடியோ எல்லாம் சரி. நம் காலத்தில் திங்கட்கிழமை ஒரு ஈமெயில், வருஷத்துக்கு இரண்டே கால்: கிறிஸ்துமஸுக்கு ஒன்று, மே மாதம் அன்னையர் தினத்துக்கு ஒன்று. "அது என்னடா தினம், நம்ம ஊர்ல இல்லாத தினம்" என்று உன் அம்மா கேட்டதும், நீ விளக்குவதிலேயே பாதி நேரம் போனதும் நினைவிருக்கிறதா? உன் அம்மாவுக்கு ஈமெயில் கிடையாது. நீ எழுதுவதை மாடிவீட்டுப் பெண் படித்துக் காட்டுவாள், அவளுக்குப் பரீட்சை என்றால் அந்த வாரம் கடிதமே இல்லாத மாதிரிதான்.

அறிவிப்பைப் படித்த அன்று ஒன்றும் தோன்றவில்லை என்று எழுத ஆசை. அது பொய். படித்தவுடன் உன் முகம்தான் வந்தது. அப்புறம், 'அன்றைக்கு விதி அப்படி இருந்தது, நான் விதிப்படி நடந்தேன்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதையே ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ராஜமுந்திரியில் நாம் யாரைப் பார்த்தோம், எந்த வீட்டில் உட்கார்ந்து என்ன பேசினோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நம் சபையார் படிப்பார்கள். நம்மைப் பிடிக்காதவர்களும் படிப்பார்கள். சபையை விட்டுப் போனவர்கள் இதில் ஒரு பத்தியை வெட்டித் தனியாகப் போடவும் கூடும். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன், இருக்கவும் விரும்புகிறேன். இது எனக்கும் இன்னொருத்தனுக்கும் நடுவில் இருக்கிற கணக்கு.

ஆனால் மற்றதை எழுதலாம். காலை ஆறரைக்கு அலாரம். நீ தரையில் தண்டால் எடுப்பாய், நான் எடுப்பது போலப் பாவனை செய்வேன். எட்டு மணிக்குத் தனியாகப் படிப்பு, ஒன்பதுக்குச் சேர்ந்து படிப்பு, பத்து மணிக்கு வெள்ளைச் சட்டை, டை, பெயர் எழுதிய கறுப்பு பேட்ஜ். கோதாவரிக் கரை வெயிலில் பத்தே காலுக்குள் சட்டை முதுகில் ஒட்டிவிடும். எந்த வீட்டுக்குப் போனாலும் காபி டம்ளர் வரும், நம் சபையிலோ காபி கூடாது. "வத்தண்டி, காபி தாகமு." வேண்டாங்க, காபி குடிக்க மாட்டோம் என்று அர்த்தம். நான் முதலில் கற்றுக்கொண்ட தெலுங்கு அதுதான். கோயம்புத்தூர்க்காரன் காபியை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு விசுவாசம் வேண்டும் என்று நீ கிண்டல் செய்வாய். அதற்கு ஈடாக வாரம் ஒருமுறை ரோஸ் மில்க் வாங்கித் தருவாய், உன் காசில்.

அந்த பேட்ஜையும் மறக்கவில்லை. அமெரிக்கப் பையன்களுக்குக் குடும்பப் பெயர் இருந்தது. நமக்கு ஏது? அப்பா பெயரை எடுத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டு வருஷம் ஊரெல்லாம் நம்மை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. எனக்கு அதில் பெருமைதான். நீ ஒரு நாள் டையைக் கழற்றிக்கொண்டே, "விட்டுட்டுப் போன மனுஷன் பேரை நெஞ்சுல குத்திக்கிட்டு அலையறேன் பாரு" என்று சிரித்தாய். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். பத்தொன்பது வயது எனக்கு. மணிலாவில் பயிற்சி முடித்து இறங்கிய சூடு ஆறவில்லை. சட்டைப்பையில் மிஷனரி விதிகள் போட்ட அந்த வெள்ளை அட்டைக் கையேடு, அதில் இருப்பதெல்லாம் கடவுள் வாக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீதான் எனக்கு டிரெயினர். மிஷன் பேச்சில் டிரெயினரை அப்பா என்பார்கள். அதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

2015 ஜூலை 14. ஆற்றில் நீராடுகிற கோதாவரி புஷ்கரத் திருவிழா தொடங்கிய நாள். கூட்டம் நெரியும், வெளியே போகாதீர்கள் என்று சொல்லியிருந்ததால் அறையிலேயே இருந்தோம். நம்மிடம் டிவி கிடையாது. கீழ்வீட்டு டிவிதான் படிக்கட்டு வழியாகக் கேட்டது. புஷ்கர் காட் படித்துறையில் நெரிசல், 27 பேர் செத்துப்போனார்கள். கீழ்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து வந்து அழுதுவிட்டுப் போனாள். நீ நாள் முழுக்கப் பேசவில்லை. சாயங்காலம் ஒரு தடவை, "தமிழ் சேனல்லயும் இதான் ஓடும்" என்றாய். மிஷன் அலுவலகத்திலிருந்து வீடுகளுக்குத் தகவல் சொல்லியிருப்பார்கள் என்றேன். நீ பதில் சொல்லவில்லை.

ராத்திரி பத்தரை ஆகி விளக்கணைத்த பிறகு என் தோளைத் தட்டினாய். "எழுந்து வா."

மிஷனரி கம்பானியனை விட்டுத் தனியாகப் போகக் கூடாது, பார்வை எட்டுகிற, குரல் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். அதனால் என்னையும் எழுப்பினாய். ஒரு விதியை மீறப் போகிறபோது இன்னொரு விதியைக் கடைப்பிடித்த ஆள் நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய். நமக்குக் கொடுத்திருந்த சின்ன போனையும் தொடவில்லை. சபைக் காசில் பேசமாட்டேன் என்று சொல்லி, கீழ்வீட்டுப் பையனின் போனுக்குப் பத்து ரூபாய் டாப்-அப் போட்டு வாங்கி வந்திருந்தாய். அதன் இயர்பீஸ் கெட்டுப்போயிருந்தது, ஸ்பீக்கரில்தான் பேச முடியும். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்தாய், நான் படிக்கட்டுக் கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். போலீஸ்காரன் மாதிரி.

"யாரு?"

"நாந்தாம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீதானா? நீயே பேசறியா?"

"நாந்தாம்மா. நல்லாருக்கேன். அங்க போகவே இல்ல."

"ஆத்துப் பக்கம் போவாதடா."

"போகலம்மா."

"டிவில செருப்பா காட்டறாங்கடா. உன் செருப்பு இருக்கான்னு பாத்துக்கினே இருந்தேன்."

நீ ஷூதானே போடுவாய், அம்மாவுக்கு அது தெரியாதா என்று அப்போது எனக்குத் தோன்றியது. சிரிப்புகூட வந்தது. அதுதான் நான் அன்றைக்கு இருந்த லட்சணம்.

அப்புறம் உன் அம்மா கேட்டாள்: "கூட இருக்கானே, அந்தக் கோயம்புத்தூர் புள்ள, அவன் நல்லாருக்கானா? அவங்கம்மாவுக்கு யாரு சொன்னா?"

நீ என்னைப் பார்த்தாய். "யாரும் சொல்லலம்மா" என்றாய். "நம்பரு குடு, நான் சொல்றேன்" என்றாள். நீ போனை என் பக்கம் நீட்டினாய்.

நான் சொன்னேன், எல்டர். என் வீட்டு நம்பர் பத்து எண்ணையும், உன் அம்மா திருப்பிச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஏழா, ஒன்பதா என்று கேட்டாள். ஏழு என்றேன்.

மொத்தம் நாலு நிமிஷம் இருக்கும். படிக்கட்டில் இறங்கும்போது நீ திரும்பாமலே சொன்னாய்: "எழுதணும்னா எழுது. எழுதினா முழுசா எழுது."

அடுத்த திங்கட்கிழமை, மிஷனுக்குத் தலைவரான பிரசிடெண்டுக்கு வாராந்தரக் கடிதம். இன்டர்நெட் சென்டரில் நீ என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து மாடிவீட்டுப் பெண் படிப்பதற்காகத் தமிழில் தட்டிக்கொண்டிருந்தாய். நான் எழுதினேன். என் கம்பானியன் 14ஆம் தேதி ராத்திரி அனுமதி இல்லாமல் வீட்டுக்குப் பேசினார், எனக்கு மனது உறுத்துகிறது என்று எழுதினேன். நம்பர் கொடுத்ததை எழுதவில்லை. உன் அம்மா என்னை விசாரித்ததை எழுதவில்லை. ஏன் பேசினாய் என்பதைக்கூட எழுதவில்லை.

பிரசிடெண்டைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன், உன்னைக் கூப்பிட்டு அன்பாகத்தான் பேசியிருப்பார் என்று நம்புகிறேன். டிரான்ஸ்ஃபர் எப்படியும் வரவேண்டிய நேரம்தான். அதனால் வந்ததா, இதனால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. பெட்டி கட்டும்போது உன் ஊறுகாய் பாட்டிலை எனக்கு வைத்துவிட்டுப் போனாய். கொஞ்ச நாளில் என்னை ஒரு வட்டாரத்து மிஷனரிகளைக் கவனிக்கிற ஜோன் லீடர் ஆக்கினார்கள்.

டிசம்பரில் மெட்ராஸில் வெள்ளம். செம்பரம்பாக்கம் தண்ணீர் அடையாற்றில் இறங்கி, சைதாப்பேட்டைப் பாலத்துக்கு மேலே ஓடியது. உன் வீடு ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீ ராஜமுந்திரியில் கோதாவரியைக் காட்டி எனக்குச் சொல்லியிருக்கிறாய். அந்தத் தடவை நீ யாரிடமும் போன் கடன் கேட்கவில்லை. லைனே இல்லை, கேட்டு என்ன? பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாய் என்று எனக்கு இன்னொருத்தர் வாய்வழியாகத் தெரிந்தது. இரண்டு வருஷத்தில் ஆறு மாதம் பாக்கி. பாதியில் வந்தவன் என்று உன்னைச் சபையில் எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் கேள்விப்பட்டேன். பார்த்தவர்களில் நானும் ஒருத்தன். அதை மறைக்க முடியாது.

ஆனால் நீயும் சும்மா இல்லை. 'கோயம்புத்தூர் சிஐடி' என்று எனக்குப் பெயர் வைத்தது நீதானே? நான் மிஷன் முடித்து வந்த பிறகு மூன்று வருஷம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தன் அதைச் சொல்லிச் சிரிப்பான். என் கல்யாணத்துக்கு வந்தாய், கை கொடுத்தாய், சாப்பிட்டாயா என்றுகூடத் தெரியவில்லை, போய்விட்டாய். என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் நல்லவனாகவே இருந்துவிட்டுப் போனாய். அது உனக்கு எளிது. நான் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றது பொறாமையால் இல்லை, பயத்தால். அன்று என் அம்மாவும் டிவி பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள் என்று எனக்கும் தெரியும். நானும் பேச ஆசைப்பட்டேன். நீ பேசிவிட்டாய், நான் பேசவில்லை. அதுதான் தாங்கவில்லை போலிருக்கிறது. இதை எழுதிய பிறகுதான் எனக்கே தெரிகிறது, பயம் என்று மேலே எழுதியது பாதி பொய்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 2017இல் ஊருக்கு வந்ததும் அம்மா முதல் வாரத்திலேயே கேட்டாள், "அந்த மெட்ராஸ் அம்மா எப்படி இருக்காங்க?" உன் அம்மா அன்று ராத்திரி பதினொரு மணிக்கே கூப்பிட்டிருக்கிறாள். "உங்க புள்ள நல்லாருக்கான், குரலக் கேட்டேன், ஏழு ஒம்போதுன்னு சொன்னான்" என்றாளாம். அதற்கு முன்னால் அலுவலகத்திலிருந்து தகவல் வந்ததா என்று கேட்டேன். அம்மாவுக்கு நினைவில்லை. உன் அம்மா கூப்பிட்டதுதான் நினைவிருக்கிறது. அப்புறம் இரண்டு பேரும் அவ்வப்போது பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சபையில் சேராத உன் அம்மா, சபைக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் செவ்வாய் வெள்ளி பார்க்கிற என் அம்மா. நாம் பேசாத பத்து வருஷமும் அவர்கள் மூட்டுவலி பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

இப்போது என் அம்மா துக்கம் கேட்கப் போகவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நான் எழுதிய கடிதம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. வருகிற சனிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். ஞாயிறு கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது, காரணம் கேட்டார்கள், சொந்த வேலை என்றேன்.

நீங்கள் இன்னும் அதே சைதாப்பேட்டை வீட்டில்தானா? வேறு எங்காவது என்றால் ஒரு மெசேஜ் போடு, போன் வேண்டாம். அம்மா முன்னால் நீ எதையாவது சொல்வதென்றால் சொல், நான் தடுக்கமாட்டேன். அதற்கு முன்னால் வண்டியில் நானே சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் ஈரோடு தாண்டுவதற்குள் அவள் தூங்கிவிடுவாள்.